மாவு மில் பங்காரம்மாவின் இரண்டு கச்சேரிகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கே போத்தனூர் மாவு மில்லில் இரண்டு மெஷின்களும் ஓட ஆரம்பித்துவிட்டன. வழக்கமாக எட்டு மணிக்குத்தான் ஷட்டரைத் தூக்குவார்கள். பங்காரம்மாவுக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. முந்தின நாள் வந்த மூட்டைகளை அரைத்துத் தள்ளிவிட்டு, குளித்து, சேலை மாற்றி, பத்து மணிக்கு ராம்நகர் சபாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். பத்மாசனி பாடுகிறார். ஆறு வருடம் கழித்துக் கோயமுத்தூருக்கு வருகிறார்.

"மெஷினக் காட்டிலும் நீ வேகமாச் சுத்தற பங்காரு," என்றார் கண்ணையா, பல் குச்சியை வாயில் வைத்துக்கொண்டே.

"பேசிட்டு நிக்காதீங்க. அந்தக் கம்பு மூட்டையப் பிரிச்சுப் போடுங்க."

"கச்சேரி எத்தன மணிக்கு?"

"பத்துக்கு. நூறு தரம் சொல்லிப்போட்டேன்."

"நூத்தியோராவது தரம் சொன்னா என்ன? ஒரு வாரமா நீ சொல்லிச் சொல்லி, அந்தம்மா நம்ம ஊட்டுக்குத்தான் வருதுன்னு நெனச்சுட்டேன்."

பங்காரம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. யாரிடமும் ஒரு நாள்கூடப் பாட்டுப் படித்ததில்லை. சரளி வரிசை என்றால் என்னவென்று கேட்டால் விழிப்பாள். ஆனால் பாடகர் வாயைத் திறந்து இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், ராகத்தின் பெயரைச் சொல்லிவிடுவாள். கல்யாணமாகி வந்த புதிதில், செய்தி கேட்பதற்காகக் கண்ணையா மில்லில் ஒரு ரேடியோ வைத்திருந்தார். செய்திக்கும் செய்திக்கும் நடுவே கச்சேரி வந்தது. அறிவிப்பாளர் ராகத்தின் பெயரைச் சொல்வார், பிறகு பாட்டு வரும். பெயரையும் பாட்டையும் அவள் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தாள். முப்பத்தைந்து வருடத்தில் அது ஒரு பெரிய மூட்டையாகிவிட்டது. இப்போது ரேடியோ இருந்த இடத்தில் செல்போன் இருக்கிறது. மெஷின் சத்தத்தில் கேட்காது என்பதால் காதில் இயர்போன். அதன் மேல் மாவு படியாமல் இருக்கத் தலையைச் சுற்றி ஒரு துண்டு.

மில்லுக்கு வருகிறவர்களுக்குக்கூட மனசுக்குள் ராகம் வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் ராகி கொண்டுவந்து, ஒரு கதையை ஆரம்பித்தால் அரை மணி நேரம் நிறுத்தாத ரிட்டயர்டு ரயில்வே கார்டு, காம்போதி. ரேஷன் அரிசியைக் கொண்டுவந்து, நைசாக அரைக்கணும் என்று நாலு தடவை மெதுவாகச் சொல்லிவிட்டுப் போகும் டீச்சர், சஹானா. வந்ததும் சண்டை, போகும்போதும் சண்டை என்றிருக்கிற பேக்கரிக்காரர், அடாணா. பெரிய மெஷின் நின்று ஓடுகிற சுருதி ஐந்து கட்டை. மிளகாய் மெஷின் அதற்குக் கொஞ்சம் கீழே. பெல்ட் தளர்ந்தால் கண்ணையா குனிந்து பார்ப்பார். அவள் பார்க்கவே மாட்டாள், "சுருதி எறங்கிருச்சுங்க" என்பாள்.

வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர்கள் அவர்கள். அதனால் தெலுங்குக் கீர்த்தனைகள் அவளுக்குப் புரியும் என்று சபாவில் ஒரு மாமி பொறாமைப்பட்டதுண்டு. "எங்க தெலுங்குல மொளகா, மல்லி எல்லாம் சொல்லலாங்க. அந்தத் தெலுங்கு வேற," என்று பங்காரம்மா சிரித்தாள்.

ஒன்பதேகாலுக்குக் கிளிப்பச்சைக் காட்டன் சேலையும் தலையில் ஹெல்மெட்டுமாக எக்ஸ்எல் வண்டியைக் கிளப்பினாள். மாவு மூட்டை சுமந்து சுமந்து அந்த மொபெட்டின் சீட்டில் எப்போதும் ஒரு வெள்ளைப் படலம் இருக்கும். துடைத்தும் போகவில்லை.

போத்தனூர் ஜங்ஷன் வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தண்டவாள வேலை நடப்பதால் அன்றைக்குச் சென்னை ரயில் கோயமுத்தூர் வரை போகாமல் போத்தனூரோடு நின்றுவிட்டது. மூன்று நாளாக அறிவித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவ்வளவு ஜனமும் இங்கேயே இறங்கியதால் இருந்த ஆட்டோ, கார் எல்லாம் நிரம்பிப் போய்விட்டன. கடைசி ஆட்டோவும் அவள் கண்ணெதிரே கிளம்பியது. அதன் பின்னால் கை காட்டிக்கொண்டு ஒருத்தன் ஓடினான். முதுகில் ஒரு நீளமான கறுப்புப் பெட்டி.

பங்காரம்மா பிரேக் பிடித்தாள். வயலின் பெட்டி. அவன் முகத்தைப் பார்த்தாள். இந்த முகத்தை அவளுக்குத் தெரியும். மில்லில் எத்தனை மதியம் செல்போனில் பார்த்த முகம்! சசிதர். இன்றைக்குப் பத்மாசனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டியவன்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் போனாள்.

"ஏனுங்க தம்பி, நீங்க சசிதர்தானுங்க?"

அவன் காதில் போன் இருந்தது. தலையை ஆட்டினான். எதிர்முனையில் சபா செயலாளர் திருமலைசாமியின் குரல் வெளியே வரை கேட்டது. சபா கார் கோயமுத்தூர் ஜங்ஷனில் காத்திருக்கிறதாம். அதைப் போத்தனூருக்கு அனுப்புகிறாராம். அங்கேயே நில்லுங்கள், அசையாதீர்கள் என்று கத்தினார்.

"இங்க குடுங்க," என்று பங்காரம்மா போனை வாங்கினாள். பிறகு நினைத்துப் பார்க்கும்போது அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. "செயலாளருங்களா? நான் மாவு மில் பங்காரம்மா. கடைசி வரிசையில கதவோரம் உக்காருவனே, அந்தம்மா. கார் இங்க வந்து திரும்பறதுக்குள்ள பாதிக் கச்சேரி போயிருமுங்க. தம்பிய நான் கூட்டிட்டு வாரேன்."

"எதுல?"

"வண்டிலதானுங்க."

"என்ன வண்டி?"

அதற்குள் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று.

சசிதர் மொபெட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான். "இதுலயா மேடம்?"

"நூறு கிலோ அரிசி மாவு போற வண்டிங்க இது. நீங்க அறுபது இருப்பீங்களா? இருங்க, ஒரே நிமிஷம்."

எதிரே பஞ்சர் கடை இல்யாஸிடம் ஓடினாள். மில்லுக்கு வாடிக்கையாக வருகிறவர். "இல்யாஸ் பாய், உங்க ஹெல்மெட்டக் குடுங்க. மத்தியானம் தாரேன்."

"என்னக்கா, ஆஸ்பத்திரியா?"

"கச்சேரி!"

இல்யாஸ் மறுகேள்வி கேட்காமல் சிவப்பு ஹெல்மெட்டை நீட்டினார். சசிதரின் துணிப்பையை வண்டியின் முன்பக்கம் மாட்டினாள். வயலின் இரண்டு பேருக்கும் நடுவே நின்றது. ஒன்பது முப்பத்தைந்துக்கு வண்டி ஆத்துப்பாலத்தைப் பார்த்துப் புறப்பட்டது.

முதல் பத்து நிமிடம் சசிதர் பேசவில்லை. மேடு பள்ளம் வரும்போதெல்லாம் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பங்காரம்மாவுக்கோ வாய் ஓயவில்லை. பத்மாசனி ஆறு வருடத்துக்கு முன்னால் இதே சபாவில் பாடிய ஆனந்தபைரவி, அன்றைக்கு மழை, கரண்டு போய்விட்டது, மைக் இல்லாமலே அவர் பாடினார், மழைச் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் நின்றது என்று காற்றில் கத்திக்கொண்டே ஓட்டினாள். உக்கடம் மேம்பாலத்தில் ஏறியதும் வலப்பக்கம் ஊரும் இடப்பக்கம் குளமும் விரிந்தன. குளத்துக் காற்று அடித்தது. சசிதர் பலமாகத் தும்மினான். மறுபடி தும்மினான். மூன்றாவது தும்மலில் வண்டியே ஒரு தரம் ஆடியது.

"மொளகாய்ங்க! நேத்து ரெண்டு மூட்ட மொளகாத்தூள் இந்த வண்டிலதான் போச்சு. வாய மூடிக்கங்க, மூக்க மட்டும் அக்கட்டால திருப்பிக்கங்க!"

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில்தான் பேச்சு ஆரம்பமானது.

"நீங்க பாடுவீங்களா?"

"ஐய, இல்லீங்க. கேக்கறதோட சரி."

"என்னோட வாசிப்புக் கேட்டிருக்கீங்களா?"

"எல்லாமே கேட்டுப்போட்டனுங்க. அந்த நாட்டைக்குறிஞ்சி, போன மார்கழில வாசிச்சது, அது ஒரு இருவது தரமாச்சும் கேட்டிருப்பேன்."

"பிடிச்சுதா?"

இங்கே பங்காரம்மா 'ரொம்பப் பிடிச்சுதுங்க' என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டியிருக்கலாம். ஆனால் இருபது தடவை கேட்டு இருபது தடவையும் மனசில் உறுத்திய விஷயம், அதைச் செய்தவனே முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான்.

"நல்லா இருந்துதுங்க. ஆனா பஸ்ஸப் புடிக்கப் போறவராட்டம் வாசிச்சீங்க."

பின்னால் அவன் பெட்டியை இழுத்து அணைத்துக்கொண்டான்.

"பன்னண்டாவது நிமிஷத்துல மேல போயிட்டு எறங்கி வாரீங்களே, அங்க ஒரு எடம் வருமுங்க. சித்த நேரம் நின்னா அந்த ராகம் முழுசாத் தெரியும். அங்க நிப்பீங்கன்னு ஒவ்வொரு தரமும் நெனப்பேன். ஒவ்வொரு தரமும் நீங்க நிக்காமப் போயிருவீங்க."

பாலம் இறங்கி டவுன்ஹாலுக்கு வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்தது. என்ன காரியம் செய்துவிட்டேன்! வாசிக்கப் போகிற பிள்ளையிடம், வாசிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால், அதுவும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு! பங்காரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தம்பி, நான் ஒண்ணும் தெரியாதவ. மனசுல வெச்சுக்காதீங்க."

"இல்ல," என்றான் சசிதர். குரல் மெதுவாக வந்தது. "அந்த இடத்துல எனக்கும் நிக்கணும்னு இருந்தது. அதுக்கு முன்னாடியே ஜனங்க கை தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. தட்டறாங்களேன்னு வேகமாப் போயிட்டேன்." பிறகு, "வேகமா வாசிக்கறேன்னு சொல்வாங்க. அந்த இடத்தை இதுவரைக்கும் யாருமே சொன்னதில்ல. எங்க குருகூட," என்றான்.

ராம்நகர் சபா வாசலில் திருமலைசாமி செருப்பில்லாமல் ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். கைக்கடிகாரத்தையும் தெருமுனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர், சிவப்பு ஹெல்மெட்டோடு வித்வான் மொபெட்டில் வந்து இறங்குவதைப் பார்த்ததும் கும்பிடுவதா திட்டுவதா என்று தெரியாமல் இரண்டு கையையும் தூக்கினார். மணி பத்தேகால். உள்ளே பத்மாசனி தம்பூராவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு விருத்தம் பாடிக்கொண்டிருந்தார். வயலின் வரும் வரை ஜனங்களை உட்கார வைக்க வேண்டுமே. பங்காரம்மாவுக்கு அந்தக் குரல் வாசலிலேயே வந்து விழுந்தது. காலில் செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாமல் உள்ளே ஓடினாள்.

கதவோரம் அவளுடைய வழக்கமான நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். திருமலைசாமி அவளை முன்வரிசைக்கு இழுத்துக்கொண்டுபோய், தன் நாற்காலியில் உட்கார வைத்தார். வாழ்நாளில் முதல் தடவை முன்வரிசை. பத்மாசனியின் கை வளையல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அப்போது மேடைக்குப் பின்பக்கமிருந்து சசிதர் ஏறி வந்தான். முகம் கழுவியிருந்தான், தலை வாரியிருந்தான். நீலநிற ஜிப்பாவில் வலது பக்கம் முழுக்க, இடுப்பிலிருந்து முட்டி வரை, வெள்ளைவெளேரென்று அரிசி மாவு. பங்காரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். சபை முழுக்கப் பார்த்தது. பத்மாசனியும் பார்த்தார், புருவத்தைத் தூக்கினார், பாடுவதை நிறுத்தவில்லை.

கச்சேரி சூடு பிடித்தது. முதலில் ஒரு வர்ணம், பிறகு விறுவிறுவென்று இரண்டு கீர்த்தனைகள். ரித்விக் என்ற மிருதங்கக்காரனின் கை அப்படிப் பேசியது. பங்காரம்மா தொடையில் தாளம் போட்டாள். தாளம் தப்பினால் சிரித்துக்கொண்டு மறுபடி பிடித்தாள். பதினொன்றரைக்குப் பத்மாசனி கண்ணை மூடி, பேகடாவை ஆரம்பித்தார்.

பேகடா அவளுக்கு எப்போதும் ஒரு பெரிய வீட்டின் கதவு திறப்பது போல இருக்கும். உள்ளே யாரோ நல்லவர்கள் இருக்கிறார்கள், வாங்க வாங்க என்கிறார்கள். பத்மாசனி அந்த வீட்டின் ஒவ்வொரு அறையாக விளக்கேற்றிக்கொண்டு போனார். இருபது நிமிடம் பாடிவிட்டு, சசிதரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவன் வாசிக்க ஆரம்பித்தான். முதல் ஐந்து நிமிடம் சரமாரியாக வந்தது. விரல்கள் ஓடின. பின்னால் யாரோ "பேஷ்" என்றார்கள். நாலைந்து பேர் கை தட்டினார்கள். மேலே ஏறினான், இன்னும் மேலே ஏறினான், அங்கிருந்து இறங்கத் தொடங்கினான். பங்காரம்மா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நின்றான்.

ஒரே ஒரு ஸ்வரம். வில் நகர்வதே தெரியவில்லை. கை தட்டியவர்கள் பாதியில் கையை இறக்கிவிட்டார்கள். மின்விசிறிச் சத்தம் கேட்டது. தெருவில் ஒரு பால் வண்டி போவது கேட்டது. அந்த ஸ்வரம் அசையாமல் இருந்தது. பிறகு ஒரு நூலிழை மேலே சாய்ந்து, திரும்பி, தன் இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான். ஆனால் பேகடா அத்தனையும் அதில் இருந்தது.

"அப்படித்தாங்க!"

குரல் தன்னுடையது என்று பங்காரம்மாவுக்குத் தெரிய ஒரு கணம் ஆனது. சபையில் வாய் திறந்து ஒரு 'ஆகா' கூடச் சொன்னதில்லை அவள். மில்லில் மெஷினுக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. சபை முழுக்கத் திரும்பியது. பத்மாசனி கண்ணைத் திறந்து, யாரென்று தேடி, வாய்விட்டுச் சிரித்தார். சசிதர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் அவன் உதடு மட்டும் சிரிப்பில் கோணிக்கொண்டு போனது.

கச்சேரி முடிந்ததும் பங்காரம்மா நைசாகக் கழன்றுகொள்ளப் பார்த்தாள். வாசலில் ஒரு செருப்புத்தான் கிடைத்தது. இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னால் பத்மாசனியே வந்து நின்றார்.

"நீங்கதான் சசியக் கூட்டிண்டு வந்தவங்களா? வழியில அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் பின்னால் வந்த சசிதர்தான் பதில் சொன்னான். "பஸ்ஸப் பிடிக்கப் போறவன் மாதிரி வாசிக்கறேன்னு சொன்னாங்க."

பத்மாசனி சிரித்த சிரிப்பில் சுவரோரமாக நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். "அஞ்சு வருஷமா நான் சொல்லிண்டிருக்கேன். காதுல வாங்கினானா? மொபெட்ல வெச்சுச் சொன்னாத்தான் ஏறும் போல இருக்கு." பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்குச் சாயங்காலம் பெருந்துறையில ஒரு கல்யாண ரிசப்ஷன்ல பாடறோம். எழுநூறு பேர் வருவா. ஒருத்தர் கேக்க மாட்டா. நீங்க வாங்களேன். கேக்கறதுக்கு ஒரு ஆளாவது இருக்கும்."

"நமக்கு அழைப்பு இல்லீங்களே."

"கூட வந்தவங்கன்னு சொல்லிடறேன். வாங்கோ."

வீட்டுக்கு வந்தவள் சேலையைக்கூட மாற்றவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கண்ணையாவிடம் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். மூன்று தும்மலைச் சொன்னாள், மாவு ஜிப்பாவைச் சொன்னாள், அந்த ஒரு ஸ்வரத்தைச் சொல்ல முயன்று, முடியாமல், கையால் காற்றில் காட்டினாள். கண்ணையா சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பெருந்துறை போறனுங்க."

"மில்லு?"

"சாத்திப்போட்டுத்தான்."

"திங்கக்கெழம மில்லச் சாத்தறதா? நான் பாத்துக்கறேன், நீ போ." ஒரு கவளம் வாயில் போனது. மென்றார். "தெரியாத கல்யாணத்துக்குத் தனியாவா போவ?"

"பின்ன?"

"நானும் வாரேன். பாட்டுக்காக இல்ல, தொணைக்கு."

அவளுக்குத் தெரியும், கண்ணையாவுக்குக் கல்யாணச் சாப்பாடு என்றால் உயிர். ஆனால் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு ஷட்டரை இறக்கினார்கள். 'இன்று விடுமுறை, நாளை வரவும்' என்று கண்ணையா அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். பங்காரம்மா தன் கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழ நிறப் பட்டுச்சேலையை உடுத்திக்கொண்டாள். பத்மாசனிக்கும் சசிதருக்கும் தன் கையால் அரைத்த சாம்பார்ப் பொடி இரண்டு டப்பா. காந்திபுரத்தில் ஈரோடு பஸ் ஏறி, அவிநாசி தாண்டி, பெருந்துறையில் இறங்கியபோது ஆறு மணி.

மண்டபம் ஒரு சின்ன ஊர் போல இருந்தது. பெரிய திரையில் பெண்ணும் மாப்பிள்ளையும் மலை உச்சியில் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த வீடியோ ஓடியது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. ஜனம் பேசிய பேச்சில் கூரை அதிர்ந்தது. ஓர் ஓரத்தில், பூ அலங்காரத்துக்குப் பின்னால் பாதி மறைந்து, சின்ன மேடையில் பத்மாசனி பாடிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு நாற்காலிகூட இல்லை.

பங்காரம்மா இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து, மேடைக்கு நேர் எதிரே போட்டாள். உட்கார்ந்தாள். கண்ணையாவையும் உட்கார வைத்தாள். சசிதர் பார்த்துவிட்டான். வில்லோடு கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டான்.

பத்து நிமிடத்தில் ஒரு பெரியவர் வந்து குனிந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் ரோஜா. பெண்ணின் தாய்மாமன்.

"வாங்க வாங்க. நீங்க பொண்ணு ஊட்டுப் பக்கமுங்களா, மாப்பிள்ள ஊடுங்களா?"

கண்ணையா எழுந்துவிடலாமா என்று பாதி எழுந்தார். பங்காரம்மா அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நாங்க பாட்டு ஊடுங்க," என்றாள்.

பெரியவர் மேடையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். புரிந்ததா இல்லையா தெரியவில்லை, சிரித்தார். "சரிங்க அம்மணி. கேளுங்க, கேளுங்க. கேக்கறதுக்குத்தான கூப்புட்டிருக்குது," என்று சொல்லிவிட்டு யாரையோ கூப்பிட்டு இரண்டு காபி கொண்டுவரச் சொன்னார். போகும்போது, பெரிய திரையின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

ஒரு பாட்டு முடிந்தது. கை தட்டியது பங்காரம்மா மட்டும்தான். பத்மாசனி மைக்கைக் கையால் மூடிக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"சொல்லுங்கோ. அடுத்து என்ன ராகம் பாடட்டும்?"

முப்பத்தைந்து வருடமாக, மில்லில் நின்றபடி, இவர் இதைப் பாடினால் எப்படி இருக்கும், அவர் அதைப் பாடினால் எப்படி இருக்கும் என்று எத்தனை பட்டியல் போட்டிருக்கிறாள்! இப்போது கேட்கிறார்கள், ஒன்றுகூட நினைவில் வரவில்லை. கல்யாணியா? அது எல்லோரும் பாடுவது. தோடியா? நேரம் பத்தாது. கண்ணையா முழங்கையால் இடித்தார். "சொல்லு பங்காரு, கேக்கறாங்கல்ல."

"ஆஹிரி," என்றாள்.

சசிதர் வாயைப் பொத்திக்கொண்டான். பத்மாசனி கண்ணை விரித்தார். "கல்யாணத்துல ஆஹிரியா? அதைப் பாடினா அன்னிக்குச் சோறு கிடைக்காதும்பா. அதுக்குப் பயந்துண்டே யாரும் தொட மாட்டா."

"அதனாலதானுங்க எனக்கு அத முழுசாக் கேக்கக் கெடைக்கவே இல்ல. இங்க எழுநூறு பேருக்குச் சமைச்சு வெச்சிருக்குதுங்க. ஒண்ணும் ஆகாது. கேக்கறதும் நாங்க ரெண்டு பேருதான்."

பத்மாசனி ஒரு கணம் யோசித்தார். ரித்விக்கைப் பார்த்தார், சசிதரைப் பார்த்தார். மூன்று பேர் முகத்திலும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறவர்களின் களை வந்துவிட்டது.

ஆஹிரி ஆரம்பமானது. அது நேராக வருகிற ராகம் இல்லை. வளைந்து, தயங்கி, ஏதோ சொல்ல வந்து பாதியில் விழுங்கிவிட்டு, மறுபடி சொல்ல வருகிற ராகம். பத்மாசனி அவசரப்படவில்லை. யாரும் கேட்காத இடத்தில் பாடுகிறவருக்கு இருக்கிற சுதந்திரம் அவருக்கு வந்துவிட்டது. சசிதர் அவர் குரலுக்குப் பின்னாலேயே, நிழலைப் போல, நகர்ந்தான். சாப்பாட்டு வரிசையில் தட்டுகள் மோதிக்கொண்டன, டிரோன் கேமரா தலைக்கு மேலே ரீங்கரித்தது, யாரோ மைக்கில் சங்கரண்ணன் குடும்பத்தார் போட்டோவுக்கு வரவும் என்றார்கள். பங்காரம்மாவுக்கு அதெல்லாம் எங்கோ தூரத்தில் நடந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

எப்போது என்று தெரியவில்லை, அந்தத் தாய்மாமன் மூன்றாவது நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இது என்னங்க பாட்டு? மனச என்னமோ பண்ணுதே?"

"ஆஹிரிங்க," என்றாள் அவள் கிசுகிசுப்பாக. சோற்றுச் சங்கதியைச் சொல்லவில்லை.

"நல்லா இருக்குதுங்க," என்று அவர் அசையாமல் உட்கார்ந்தார். போட்டோவுக்குக் கூப்பிட வந்தவனைக் கையாட்டி அனுப்பினார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி வந்து நின்றாள், அப்புறம் உட்கார்ந்தாள். கண்ணையா மட்டும் ராகம் பாதியில் இருக்கும்போதே மெதுவாக எழுந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து வெற்றிலை மென்றுகொண்டு திரும்பி வந்து, "எட்டு வகைப் பதார்த்தம்," என்று அவள் காதில் சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் வாய் மூடவே இல்லை. கண்ணையாவும் தூங்கவில்லை. திருப்பூர் பிரிவு தாண்டியதும், "அந்தப் பையன் நடுவுல ஒரு எடத்துல ஏதோ பண்ணினானே, உள்ளங்கையில புழு ஊர்றாப்பல, அது என்ன?" என்று கேட்டார். பங்காரம்மா இருட்டில் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சசிதர் தான் வாசித்துப் பதிவு செய்வதையெல்லாம், ஊருக்கு வெளியிடுவதற்கு முன்னால், அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்தான். அவள் குரல் பதிவாகப் பதில் அனுப்புவாள். சில பதில் நாலு வார்த்தை. சில பதிலை அவன் பத்மாசனிக்குப் போட்டுக் காட்டி இருவரும் சிரிப்பார்களாம். போன புதன்கிழமை மத்தியானம் ஒரு பதிவு வந்தது, பதின்மூன்று நிமிடம். மில்லில் கூட்டம். அவள் இரண்டு மெஷினையும் நிறுத்திவிட்டு, துண்டை அவிழ்த்து, இயர்போனைச் சரியாக மாட்டிக்கொண்டு, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் பேக்கரிக்காரர் இரண்டு கோதுமை மூட்டையோடு நின்று சத்தம் போட்டார். கண்ணையா உதட்டில் விரலை வைத்தார்.

"சித்த இருங்க. கேட்டுக்கிட்டு இருக்கறா. முடிஞ்சதும் போடலாம்."